கனமான ஜோடி

கணக்கின் முடிவு திரையில் விழும்போதெல்லாம் ஃபியோரென்சா இடது உள்ளங்கையால் அதன் அடிப்பகுதியை மறைத்துக்கொள்வாள். எண்கள் அங்கேதான் இருக்கும். முதலில் வளைகோட்டின் அகலத்தை மட்டும் பார்ப்பாள். ஒடுங்கியிருந்தால் ஏதோ தெரிந்திருக்கிறது, அகன்றிருந்தால் அவ்வளவாகத் தெரியவில்லை. அது மனதில் பதிந்த பிறகுதான் கையை எடுப்பாள். எண்ணை முதலில் பார்த்தால் அதன் மேல் ஆசை வந்துவிடும் என்று பயம்.

அன்று மதியம் கையை எடுக்க மனம் வரவில்லை.

பீசாவுக்கு வெளியே வயல்களுக்கு நடுவே கிடக்கும் ஆய்வு நிலையத்தின் நீண்ட குழாய்களை அந்த வசந்தத்தில் ஓர் ஈர்ப்பலை தொட்டுவிட்டுப் போயிருந்தது. எங்கோ இரண்டு சின்னஞ்சிறு விண்மீன்கள் சுற்றிச் சுற்றி ஒன்றில் ஒன்று விழுந்த அதிர்வு. அதிலிருந்து அவற்றின் எடையைப் பிரித்தெடுப்பது ஃபியோரென்சாவின் வேலை. இரண்டும் சேர்ந்து மூன்றரைச் சூரியன்களின் எடை. யாரும் கண்டிராத கனமான நியூட்ரான் விண்மீன் ஜோடி என்று கட்டுரைக்குத் தலைப்பும் வைத்தாகிவிட்டது. முதல் பெயர் அவளுடையது. ஆறு வருடமாக ஒப்பந்தம் ஒப்பந்தமாக ஓட்டியவளுக்கு, நிலையத்தில் காலியான ஒரே நிரந்தர வேலை அந்தத் தலைப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படித்தான் நம்பினாள்.

சிக்கல் சுழற்சியில் வந்தது. சம எடை ஜோடி மெதுவாகச் சுழன்றாலும், ஏறுமாறான எடை ஜோடி வேகமாகச் சுழன்றாலும், வரும் அலை ஏறக்குறைய ஒன்றுதான். நம் பால்வீதியில் பார்த்த ஜோடிகள் மெதுவாகச் சுழல்பவை. அதனால் மெதுவென்றே வைத்துக் கணக்கிடுவது அங்கே பழகிப்போயிருந்தது. அவளும் ஏன் என்று கேட்டதில்லை. அன்று சும்மா வேகத்தை அவிழ்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். கைக்கு மேலே வளைகோடு திரையின் ஓரம்வரை சரிந்து படுத்திருந்தது.

கையை எடுத்தாள். ஜோடியில் பெரியதன் எடை இரண்டரைச் சூரியன்வரை போகலாம். அப்படியானால் அது விண்மீனே அல்ல, கருந்துளையாகவும் இருக்கலாம்.

உணவுக்கூடத்தில், கட்டுரையில் இரண்டாம் பெயர்க்காரனான துச்சோ ரொட்டிக்குள் கடலைமாவு அடையைத் திணித்துக்கொண்டிருந்தான். பக்கத்துத் துறைமுக ஊரான லிவோர்னோக்காரன்; பீசாக்காரியான அவளைச் சீண்டுவது வழக்கம்.

"என்னடி மூஞ்சி இது? உங்க ஊர்ச் சாஞ்ச கோபுரம் நிமிர்ந்துடுச்சா?"

"வேகத்தைத் திறந்துவிட்டேன். தலைப்பு நிக்காது."

"யாரு உன்னைத் திறக்கச் சொன்னா? அவ்வளவு வேகமா சுத்துற ஜோடியை எங்கயாவது பாத்திருக்கியா?"

"இவ்வளவு கனமான ஜோடியையும்தான் பாத்ததில்ல."

மெல்லுவதை நிறுத்தினான். "இந்தா, அடுத்த மாசம் உனக்கு நேர்காணல். அது முடியட்டும். அப்புறமா ஒரு திருத்தம் போட்டா யாரு கழுத்தைப் பிடிக்கப் போறா?"

"அதுக்குள்ள ஊர்ப்பட்ட பேரு இந்த எடையை வச்சுக் கணக்குப் போட்டுடுவாங்களே."

"போடட்டுமே! எங்க ஊர்ல வலையில விழாத மீனையே எடைபோட்டுச் சொல்லுவோம்."

சிரித்துவிட்டாள். தட்டைத்தான் தொட முடியவில்லை. கையில் இருந்த அழகான எண்ணைத் தானே கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று ஒரு கணம் இருந்தது. ஆனால் அந்த எண் அலையிலிருந்து பாதிதான் வந்திருந்தது. மீதி அவர்கள் பழக்கத்திலிருந்து வந்தது.

மாலைக் கூட்டத்தில் இரண்டு வளைகோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினாள். குழுத் தலைவி ஓம்பிரெட்டா கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல நான் எதை நம்பணும்?"

"ரெண்டையும் போடலாங்க. எதை நம்பினா எது வருதுன்னு சேர்த்து எழுதிடலாம்."

"தலைப்பு போச்சே, ஃபியோரென்சா."

"போச்சுங்க."

புதுத் தலைப்பில் 'இருக்கக்கூடிய' என்று ஒரு சொல் ஏறியது. "இதை எங்கம்மாகூடப் படிக்க மாட்டா" என்று துச்சோ முணுமுணுத்தான். ஆனால் தன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை.

வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. லூக்காவில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போனாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் வேலையை விலையாகக் கொடுத்தோம் என்றே நினைத்திருந்தாள். வருத்தமாக இருக்கும் நாளில் வருத்தமாகவும், மற்ற நாளில் கொஞ்சம் பெருமையாகவும்.

ஓம்பிரெட்டா ஓய்வுபெற்ற விருந்தில்தான் துச்சோ சொன்னான்: அந்த இடம் யாருக்கு என்பது, குழாய்களை அந்த அலை தொடுவதற்கு முன்பே முடிவாகியிருந்தது.