அந்த பல்பு எத்தனை வாட்?

"ஞாயிறு. படம் போட்டுப் பத்து நிமிடத்தில் நடுவில் கறுத்தது. உள்ளே இருக்கும் பல்பு என்னுடையதல்ல."

1991ஆம் ஆண்டு டைரியில், ஆவணி மாதப் பக்கம் ஒன்றில் இப்படி எழுதியிருக்கிறேன். பேனா அழுந்தியதில் எழுத்து பின்பக்கமும் தெரிகிறது. அப்போது படப்பையில் குடியிருந்தேன். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் வேலை.

என் மனைவியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து உள்ளங்கை அளவு டிவி ஒன்று கொண்டுவந்து, இரண்டு வாரத்தில் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லி எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதன் கண்ணாடித் திரைக்குப் பின்னால் நல்ல வெளிச்சமும் முன்னால் ஒரு லென்ஸும் வைத்தால் சுவரில் பெரிய படம் விழும் என்று எங்கோ படித்திருந்தேன். அவரிடம் கேட்காமலேயே கழற்றினேன். பழையபடி பூட்டி வைத்துவிடுவதாகச் சொன்ன பிறகுதான் மனைவி ஸ்க்ரூ டிரைவரைத் தொடவிட்டாள்.

வெளிச்சம்தான் சிக்கல். டியூப் லைட்டின் ஒளி பரவிப்போய் லென்ஸுக்குள் அடங்கவில்லை. ஸ்லைடு புரொஜெக்டரின் இருநூற்றைம்பது வாட் விளக்குக்கு முன்னால் சோதனைக்கு ஒரு பிலிம் துண்டைப் பிடித்தேன், சுருண்டுவிட்டது. கடைசியில் கார் ஹெட்லைட்டின் ஹாலஜன் பல்பு, அறுபது வாட், என்று முடிவு செய்தேன். சூட்டை வெளியேற்ற, தொழிற்சாலையில் கழித்துப்போட்ட சிறு ஃபேன் ஒன்றைப் பெட்டியின் பின்புறம் பொருத்தினேன். புதன்கிழமை அரை மணி நேரம் ஓடியது, படம் தெளிவு என்று டைரியில் இருக்கிறது. பல்பின் அடியில் ஒரு கீறல் இருப்பதையும் குறித்திருக்கிறேன்.

கூட்டு ரோட்டில் வண்டி ஒயரிங் கடை வைத்திருந்த நண்பன், பல்பு உட்காரும் ஹோல்டரைச் சரியாகப் பொருத்தித் தருகிறேன் என்று வெள்ளிக்கிழமை பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போனான். சனிக்கிழமை மாலை கொடுத்தான். ஞாயிறன்று அவனும் அக்கம்பக்கத்தாரும் வேட்டித் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தபோதுதான் படத்தின் நடுவில் மை கொட்டியது போல ஒரு கறுப்பு தோன்றி விரிந்தது.

அணைத்துவிட்டு, பல்பைத் துணியால் பிடித்துக் கழற்றினேன். கீறல் இல்லை. எத்தனை வாட் என்ற எழுத்தும் இல்லை. ராத்திரி லோடு ஓட்டும் லாரிக்காரர்கள் நூறு வாட் பல்பு போடுவது எனக்குத் தெரியும்; அந்தச் சூட்டில் இந்தத் திரை கறுத்துவிடும். அந்த டிவி என்ன விலை வரும் என்று நண்பன் இரண்டு முறை கேட்டதும் அப்போது நினைவுக்கு வந்தது. கெட்டுப்போனால் மலிவாக வாங்கப் பார்க்கிறானோ என்று தோன்றியது.

எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். "என் பல்பு எங்கே?"

"அது டெஸ்ட் பண்ணும்போதே பீஸ் போயிடுச்சிபா. வேற ஒண்ணு போட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவ? டைரில எழுதுவ."

யாரோ சிரித்தார்கள். எத்தனை வாட் என்று கேட்டேன். அறுபதுதான் என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நம்பச் சொல்கிறாயா என்று நான் குரலை உயர்த்தினேன். மனைவி அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அடுத்த வாரம் எங்கண்ணன் வராரு. இத வெச்சிக்கினு நான் இன்னா சொல்றது?"

நண்பன் குனிந்து ஃபேனின் பின்புறம் கைவைத்துப் பார்த்தான். காற்றே வெளியே வரவில்லை. அங்கே இரண்டு மடிப்பாக ஃபில்டர் துணி கட்டியிருந்தது.

"இது இன்னா துணி?"

நான் கட்டியதுதான். எங்கள் பிரிவில் பெயின்டின் மேல் ஒரு தூசி விழுந்தாலும் ரிஜெக்ட்; எந்த ஃபேனின் வாயும் துணியில்லாமல் இருக்காது. சனிக்கிழமை இரவு ஓட்டிப் பார்த்தபோது, சுவரில் ஒரு தூசி ஈ அளவுக்குத் தெரிந்ததும் யோசிக்காமல் கட்டிவிட்டேன்.

"இத டைரில எழுதிக்கீறியா?" என்று கேட்டான்.

இல்லை.

துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, டிவியின் கண்ணாடித் திரையைக் கழற்றி, சூடு ஆறத் தண்ணீர்ப் பானையின் அருகே வைத்தான். அரை மணி நேரத்தில் கறுப்பு ஓரத்திலிருந்து வெளுத்து, முழுதும் மறைந்தது. மறுபடி பூட்டினோம். அதே பல்பில் படம் கடைசிவரை ஓடியது. தப்பா நினைச்சிட்டேன் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். துணியில்லாவிட்டால் நூறு வாட்டும் ஓடியிருக்குமே என்று அப்போதும் என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பல்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மறுநாள் அவன் கடை அம்மீட்டரை இரவல் வாங்கிச் சோதிப்பது என்றும் நினைத்துவைத்தேன்.

கடைக்குப் போகச் சாக்குத் தேடி வாரம் போய்விட்டது. அதற்குள் மைத்துனர் வந்தார். பூட்டி வைத்திருந்த டிவியைக் கையில் வாங்கி, ஸ்க்ரூக்களின் தலையில் இருந்த கீறலை விரலால் தடவினார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த பல்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அது அறுபதா நூறா என்பதை இன்றுவரை நான் உறுதி செய்யவில்லை. டைரியில் அந்த எண்ணுக்கான இடத்தை எழுதாமலே விட்டிருக்கிறேன். யார் மேலாவது சந்தேகம் வரும்போது அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுகிறேன்.