தக்ஷாயினியின் மூன்றாவது பிள்ளை

செட்டிபாளையத்துத் தக்ஷாயினிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் இறந்தே பிறந்தன. ஊர் வாய் சும்மா இருக்குமா? செய்வினை என்றார்கள், தோஷம் என்றார்கள். முதல் பிள்ளையின்போது கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் நாளில் காய்ச்சல் என்று படுத்தவள், பிறகு போகவில்லை. இரண்டாவதை நாவூறு படும் என்று தாய் வெளியே சொல்லவே விடவில்லை. கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தார்களே தவிர, இரத்தத்தைச் சோதிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது தங்கியதும் யாரையும் கேட்காமல் தானே கிளினிக்குக்குப் போனாள். குடும்பநல மாது மங்கையற்கரசி, சோதனை முடிவு வந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புள்ள, உனக்குச் சிபிலிஸ் இரிக்கு. உடலுறவால பரவுற வருத்தம். மூத்ததுகள் ரெண்டும் போனதும் இதாலதான் போல. இப்பவே ஊசி போட்டா இதக் காப்பாத்தலாம். ஆனா புருசனும் போடணும், இல்லாட்டித் திரும்பவும் வரும்."

தக்ஷாயினிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவளுக்குத் தெரிந்த ஆண் சதீசன் ஒருவன்தான்.

சதீசன் வாவியில் வலை போடுகிறவன். கல்யாணத்துக்கு முன் கொழும்பில் கட்டட வேலை செய்தான். அவள் கேட்டதும் அவன் முகம் கறுத்தது.

"கொழும்பில இரிக்கக்குள்ள ஒரு புண் வந்தது, தானா மாறிட்டு. இப்ப எனக்கு ஒண்டுமில்ல. ஊசிக்குப் போனா ஊர் சிரிக்கும்."

மாறிவிட்டதாம்! மாறியது புண்தான். நோய் உள்ளேயே இருந்தது. விட்டால் மூளைக்கும் இருதயத்துக்கும் போகும் என்று மங்கையற்கரசி மிஸ்ஸி சொன்னதை அவள் எடுத்துச் சொல்லியும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பான். தக்ஷாயினி அவன் உடுக்கும் சாரத்தையும் பாயையும் தூக்கி வாசலில் வைத்தாள்.

"ஊசி போட்டுட்டு வாங்க. இல்லாட்டி உங்கட அம்மா வீட்ட போங்க. இது என்ட வீடு."

அவளுடைய தாய் பதறி ஓடிவந்தாள். "என்னகா செய்றாய், ஊர் என்ன சொல்லும்?"

"ரெண்டு புள்ளய மண்ணுக்குள்ள தாட்டன். அப்ப ஊர் என்னம்மா செஞ்சது?"

அவன் தன் தாய் வீட்டுக்குப் போனால் ஏன் வந்தாய் என்று கேட்பார்களே! பெற்ற தாயிடம் அதைச் சொல்வதைவிட ஊசியே மேல் என்று சதீசனுக்குப் பட்டது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போனான், போட்டான். அவளும் தன் ஊசிகளில் ஒன்றையும் தவறவிடவில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. அப்பாடா, என்ன தொண்டை! ஆஸ்பத்திரி வாட்டே எழும்பியது. தாதி ஓடிவந்து, "பாலக் குடுங்க, புள்ள கத்துதே" என்றார்.

"குடுக்கிறன் மிஸ்ஸி," என்றாள் தக்ஷாயினி. கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. "கொஞ்சம் அழட்டும். மூத்ததுகள் ரெண்டும் அழவேயில்ல."