லேகிய உருண்டையும் நெஞ்சுவலி மாத்திரையும்

நெஞ்சுவலிக்கு ஒரு வருடம் முன்பே என் உடம்பு எச்சரித்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. மனைவியோடு சேர முடியாமல் போனது. சர்க்கரை நோய் ஏற்கெனவே இருந்தது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். திருப்பூர் சாயப்பட்டறை, கேரளத்துக் கல்குவாரி, பூனா லாரி ஷெட் என்று எங்கேயும் நிலைத்ததில்லை. நாற்பத்தைந்து வயதில் ஒரகடத்துக்கு வந்தேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. அங்கே கேன்டீனில் இருந்த மேரியைக் கட்டிக்கொண்டேன். சேரப்பணஞ்சேரிக்காரி, கணவனை இழந்தவள். படப்பையில் வீடெடுத்தோம். பிறகு அவள் வேறு கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போனாள். எனக்குப் பகல் ஷிப்ட். சேர்ந்திருப்பது ஞாயிறு மட்டும்தான். அந்த ஞாயிறுகளிலும் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தேன்.

உலைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை: அனல் ஆண்மையை வற்றவைத்துவிடும். அதற்காகவே மோர் குடிப்பார்கள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். கூட வேலை செய்த துரையிடம் மட்டும் சொன்னேன். “சூடுதான் மாமே. ஃபர்னஸாண்ட இரும்பே இளகுது, நீ இன்னா பெரிய இரும்பா?” என்று சிரித்தான். அவனே சாலையோரக் கூடாரம் ஒன்றில் கறுப்பு லேகிய உருண்டைகள் வாங்கித் தந்தான். வேலை செய்தது. பச்சிலைதானே என்று, சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் உருண்டை சாப்பிட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் பாறையை வைத்தது போல் வலி, இடது கையில் குடைச்சல். மேரி ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் அவளை வெளியே நிற்கவைத்துவிட்டு, ஆண்மைக்கு ஏதாவது மாத்திரை போட்டேனா என்று கேட்டார். மாத்திரை எதுவும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. நான் சாப்பிட்டது மாத்திரை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாக்குக்கு அடியில் நைட்ரேட் (இதயக் குழாய்களை விரித்து வலியைக் குறைக்கும் மருந்து) வைத்தார்கள். வலி குறைவதற்குள் கண் இருண்டது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனதாம். காலைத் தூக்கிப் பிடித்ததும் சலைன் ஏற்றியதும் கனவு போலத்தான் தெரிந்தது.

நான் வேறென்ன சாப்பிடுவேன் என்று மேரியிடம் கேட்டிருக்கிறார்கள். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்திருந்த டப்பாவைப் பற்றி அவள் சொல்லிவிட்டாள். அவளுக்கு முன்பே தெரியும். அதன்பின் நைட்ரேட் கொடுக்கவில்லை. இந்த மாதிரி உருண்டைகள் சிலவற்றில் சில்டெனாஃபில் (ஆண்மைக் குறைவுக்கான ஆங்கில மருந்து) சொல்லாமல் கலந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால் உயிரே போகலாம் என்றார் டாக்டர். முதலில் வந்த அந்தக் குறையும் அனலால் அல்ல; குழாய்கள் அடைபட்டதன் அறிகுறியாகவே இருந்திருக்கும் என்றார்.

ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழல்) வைத்தார்கள். இன்னொரு குழாயில் அடைப்பு மிச்சமிருக்கிறது. அதனால் வலி வந்தால் வைத்துக்கொள்ள நைட்ரேட் எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அப்படியானால் அந்த ஆண்மை மருந்து இனி ஒருபோதும் கூடாதா என்று மெதுவாகக் கேட்டேன். கூடாது என்றார்.

வார்டில் மேரி ஆரஞ்சு உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“நீ மூஞ்ச திருப்பிக்கினு படுத்தப்போ, இந்தாளு இங்கிருந்தும் கெளம்பப் போறான்னுதான் நெனச்சேன். அந்த டப்பாவைப் பாத்தப்புறம்தான், எனக்காவத்தான் இத்த துன்றான்னு நிம்மதியாத் தூங்குனேன். இல்லாங்காட்டி அத்த அன்னிக்கே தூக்கிக் கடாசியிருப்பேன்.”

அவள் நீட்டிய சுளையை வாங்கிக்கொண்டேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உருண்டையோ பொடியோ தைலமோ, உள்ளே போனதையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கம் அந்த ஒரு நிமிடத்தோடு போய்விடும்.

கனமான வேலை இனி கூடாது. கம்பெனியில் என்னை நிறுத்திவிட்டார்கள். மாடிப்படியில் பாதியிலேயே நிற்கிறேன். பகல் இவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிகிறது. மேரி காலையில் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறாள். நானும் பக்கத்தில் படுத்திருக்கிறேன். தூக்கத்தில் அவள் கை என்மேல் விழுகிறது. முன்பெல்லாம் அந்தக் கை பட்டால் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று உடம்பு பயப்படும். இப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதை நிம்மதி என்று சொல்ல மனம் வரவில்லை. அவள் விழிக்கும்வரை அசையாமல் கிடக்கிறேன்.