வர்ஷினியைத் தூக்க ஒரு மாமன்

என் வீட்டுக்காரர் கிருபாசங்கரைப் பார்க்கிறவர்கள் முதலில் அவர்மேல் இரக்கப்படுவார்கள். அடுத்து என்னைப் பார்த்து முறைப்பார்கள். கட்டிக்கொண்டவள் சோறு போடுவதில்லை என்று நினைப்பு. மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிற மனிதர்தான். சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறது என்பது அந்த மருதமலை முருகனுக்கே வெளிச்சம். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துவிட்டது.

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறார். அதிர்ந்து பேச மாட்டார். யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். அந்தச் "சரிங்க"தான் போன வருஷம் எங்களை மாட்டிவிட்டது.

அவருடைய அக்கா கோகிலாவின் மகள் வர்ஷினிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வழக்கத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணைத் தாய்மாமன் தூக்கிக்கொண்டு மணவறையைச் சுற்றி வந்து உட்கார வைக்க வேண்டும். கோகிலாவுடன் கூடப் பிறந்தவர் இவர் ஒருவர்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. பள்ளிக்கூட லீவு முழுக்க எங்கள் வீட்டிலேயே கிடந்து வளர்ந்தவள் வர்ஷினி. இப்போது நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு.

கொடுமுடியில் அக்கா வீட்டில் நிச்சயம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏனுங்க மாப்ள, பொண்ணு வெயிட்டுங்க. நீங்க எதுக்குச் சிரமப்படோணும்? நம்ம வேலுமணியும் மாமன் முறைதானுங்களே. அவரே தூக்கட்டுமுங்களா?"

வேலுமணி இவருடைய சித்தப்பா மகன். மஞ்சள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடக்கிற ஆள். இவரை ஒல்லி என்று அங்கே ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஊசி குத்துவதைக்கூட மரியாதையாகத்தான் குத்துவார்கள். இவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே "சரிங்க மச்சான்" என்றார்.

காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அவளை நாந்தான் தூக்கோணும் அம்மணி."

"அப்புறம் ஏனுங்க சரின்னு சொன்னீங்க?"

"மச்சான் மூஞ்சிக்கு நேரா எப்படி மாட்டேங்கிறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மச்சானைக் கூப்பிட அங்கேயே போனை எடுத்தேன். நான் தாராபுரத்துக்காரி, எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் போனைப் பிடுங்கிக்கொண்டு, இதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார்.

அடுத்த வாரம் பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற ஜிம்மில் சேர்ந்தார். அங்கே பயிற்சி கொடுக்கும் இல்மா முதல் நாள் தட்டு எதுவும் மாட்டாத வெறும் கம்பியைத்தான் கையில் கொடுத்தாளாம். அதற்கே மறுநாள் தலைசீவக் கை எழவில்லை. நான்தான் சீவிவிட்டேன். மாடிப்படியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினார். நான் சிரித்தேன்தான், இல்லையென்று சொல்லவில்லை.

"தினமும் வந்து உசுரை விடாதீங்கண்ணா. ஒரு நாள் தூக்கினா மறுநாள் ஓய்வு எடுங்க. சாப்பாட்டைக் கூட்டுங்க" என்று இல்மா சொல்லியனுப்பினாள். முட்டை, கடலை, கொள்ளு, கோழி என்று நானும் விடாமல் போட்டேன். ஒரு மாதம் வரை எடை அசைந்து கொடுக்கவில்லை. மனிதர் சோர்ந்துபோனார். ஆனால் கம்பியில் மட்டும் சின்னத் தட்டுகளாக ஏறிக்கொண்டே வந்தன. பிறகு சட்டைத் தோள் கொஞ்சம் இறுக ஆரம்பித்தது.

"கம்பி சொன்ன பேச்சுக் கேக்கும், ஆள் கேக்காது. வீட்டுல அண்ணியைத் தூக்கிப் பழகுங்க" என்றாள் இல்மா அப்புறம். நான் ஒன்றும் பஞ்சு மூட்டை இல்லை. தை மாதம் என்னைத் தூக்கப்போய் இரண்டு பேரும் சோபாவில் விழுந்தோம். பங்குனியில் என்னைத் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றிவிட்டுச் சமையலறை வரைக்கும் போனார். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. எட்டி அடுப்பை அணைத்தேன்.

இவ்வளவும் செய்த மனிதர் மச்சானிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் "சொல்லிக்கலாம்" என்பார். வைகாசியும் வந்துவிட்டது.

கொடுமுடி மண்டபத்தில் சீர் செய்து வைக்கும் அருமைக்காரர், "மாமனை வரச் சொல்லுங்க" என்று குரல் கொடுத்தார். வேலுமணி புது வேட்டியோடு வர்ஷினிக்குப் பக்கத்தில் தயாராக நின்றார். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. என் பக்கத்தில் நின்ற இவருக்கு வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது. சத்தியமாவது ஒன்றாவது என்று நான் வாயெடுப்பதற்குள் அவர் நடந்துவிட்டார்.

"வேலுமணி, கொஞ்சம் தள்ளிக்க. எம் பொண்ணை நாந்தான் தூக்குவேன்."

மச்சான் முகம் கறுத்தது. இன்றைக்கு உறவு முறிந்தது என்றே நினைத்தேன். வேலுமணி என்ன செய்தார் என்கிறீர்கள்? இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, நல்லா இருப்பீங்க! மூணு நாளா இடுப்புப் புடிச்சுக் கெடக்குதுங்க. செருப்புப் போடக்கூடக் குனிய முடியல. மச்சான்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுப்போட்டேன்."

என் வயிற்றில் பாலை வார்த்தார் மகராசன். மச்சான், "அட சாமி, சொல்லித் தொலைக்கக் கூடாதுங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இவர் முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, வர்ஷினியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். பட்டும் நகையும் சேர்ந்த கனம். கடைசித் திருப்பத்தில் முழங்கால் லேசாக நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்குத் தெரியும். நின்றார். மூச்சை இழுத்துவிட்டார். மறுபடி நடந்தார். அலுங்காமல் அவளை மணவறையில் உட்கார வைத்தார்.

உட்கார்ந்த பிறகும் அவள் இவர் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"வேற யாரு தூக்க வந்தாலும் நடந்தே வந்தர்றதுன்னு இருந்தேனுங்க மாமா."

"அதை முன்னாலயே சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

"அப்பா மனசு நோகுமுங்களே."

இவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் சிரிக்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன்.