ஸ்தமாத்தா பார்க்கப் போன ஊர்கள்

நாக்சோஸ் தீவில் முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினேன். கடற்கரையில் இருக்கும் ஹோராவில் ஆரம்பித்து, ஹால்கி, ஃபிலோட்டி, அபிராந்தோஸ், கொரோனோஸ் என்று மலை ஏறி, அந்தப் பக்கம் அப்போலோனாஸ்வரை போய்த் திரும்புவேன். அந்த வண்டியில் ஏறிய எத்தனையோ பேரை மறந்துவிட்டேன். அபிராந்தோஸ் ஸ்தமாத்தாவை மறக்க முடியவில்லை.

அபிராந்தோஸ்காரர்களுக்கே வாய் நீளம். பேச்சோடு பேச்சாக எதுகை வைத்து ஆளை வாருவார்கள். அவர்களே ஸ்தமாத்தாவைக் கண்டால் ஒதுங்கி நடப்பார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த யாக்கோவோஸின் மனைவி. நாலு ஆடு வைத்து பாலாடைக்கட்டி போடுவாள். முப்பத்து நாலு வயதுக்குள் ஹோராவுக்கு இரண்டே முறைதான் போயிருந்தாள். இரண்டு முறையும் ஃபிலோட்டி சதுக்கத்தில் பஸ் நின்றபோது ஜன்னலைத் திறந்து, கிளை பரந்த பிளேன் மரத்தடி நிழலில் காபி குடித்துக்கொண்டிருந்த ஆண்களைப் பார்த்துக் கத்தினாள்.

"என்னங்கடா, ஆடெல்லாம் மலையில, மேய்க்கிறவன் எல்லாம் மரத்தடியில! ஆடு உங்கள மேய்க்குதா?"

ஃபிலோட்டிக்காரர்கள் ஆடு மேய்ப்பவர்கள், ரோஷக்காரர்கள். இரண்டு ஊருக்கும் ஏற்கெனவே ஆகாது. நான் அவசரமாக வண்டியை எடுத்தேன்.

எழுபத்தாறாம் வருஷம், பிப்ரவரி. நாலு நாளாக வடகாற்று. துறைமுகத்தில் கப்பல் இல்லை. காலையில் நான் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது டாக்டர் வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தார். சட்டையில் ரத்தம்.

"நிக்கோதி, நேத்து ராத்திரி பிரசவத்துக்கு ஸ்தமாத்தாவ ஜீப்ல கொண்டாந்தாங்க. பெண் குழந்தை. குழந்தைக்கு ஒண்ணுமில்ல. தாய்க்குத்தான் ரத்தம் நிக்கல. ஆபரேஷன் பண்ணிட்டேன், ஆனா உடம்புல மிச்சமில்ல. ஓ நெகட்டிவ் வேணும். ஏதென்ஸ்ல இருந்து வர வழியில்ல."

"எத்தன பேர் வேணும் டாக்டர்?"

"எத்தன பேர் கெடைச்சாலும். மத்தியானத்துக்குள்ள வா."

எங்கள் ஆண்களுக்குத் தங்கள் ரத்த வகை தெரியும். ராணுவச் சேவைப் புத்தகத்தில் எழுதியிருக்கும். அதை நம்பித்தான் கிளம்பினேன். ஒலிப்பானை அழுத்திய கையை எடுக்காமல் மலை ஏறினேன்.

ஹால்கியில், ஏதென்ஸ் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எவ்தொக்கியா ஏறினாள். "எனக்கு அதே ரத்தம்தான். ஊசி குத்தவும் தெரியும்" என்றாள். எலுமிச்சங்கன்று வாங்க வந்திருந்த கினிதாரோஸ் ஊர்க் கல்லுடைப்பாளி ஒருவனும் ஏறினான். கன்றைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டான்.

அடுத்தது ஃபிலோட்டி. மரத்தடியில் இருபது பேர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"யாருக்கு?"

"அபிராந்தோஸ் ஸ்தமாத்தாவுக்கு."

காபிக் கோப்பைகள் மேசையில் இறங்கின. பிறகு ஒருவன், "அந்த வாய்க்காரிக்கா?" என்றான்.

மூலையில் இருந்த ஸிதெரிஸ் எழுந்தான். ஜாஸ் மலையில் முந்நூறு ஆடு மேய்ப்பவன். ஆள் கதவகலம். காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கக்கத்துப் பையில் தேடி ஒரு கிழிந்த புத்தகத்தை எடுத்து நீட்டினான். ஓ நெகட்டிவ்.

"என்னண்ணே, அவளுக்காகவா போற?"

"போடா. நாலு வருஷமா அவளுக்குச் சொல்ல ஒரு பதில் யோசிச்சு வச்சிருக்கேன். அவ செத்துட்டா நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

அபிராந்தோஸில் அந்த ரத்தம் இருந்த ஒரே ஆள் அவளுடைய அண்ணன், அவனோ ஏதென்ஸில். கொரோனோஸில் சுரங்கத் தொழிலாளிகளான அண்ணன் தம்பி இருவர் கிடைத்தார்கள். காற்றுக்குப் பயந்து படகைக் கரையேற்றிவிட்டுத் தங்கை வீட்டுக்கு வந்திருந்த அப்போலோனாஸ் மீனவர் மிஹேலிஸும் ஏறிக்கொண்டார். ஆறு பேர். அந்த வளைவுகளில் அன்று இறங்கிய வேகத்தில் நான் மறுபடி ஒருநாளும் இறங்கியதில்லை. ஒருவரும் மெதுவாகப் போ என்று சொல்லவில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் யாக்கோவோஸ் சுவரைப் பார்த்து நின்றிருந்தான். ஒவ்வொருவராக உள்ளே போய்ப் படுத்தார்கள். நாலாவது புட்டி ஏறும்போது கன்னத்தில் நிறம் வந்ததாம். கதவிடுக்கில் நானும் பார்த்தேன். மெழுகு போல் கிடந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மனுஷ முகமாயிற்று. நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். கோயிலில்கூட அப்படிக் கழற்றியதில்லை.

ஈஸ்டர் முடிந்த முதல் ஞாயிறு, ஸ்தமாத்தா பஸ் நிறுத்தத்தில் நின்றாள். இளைத்திருந்தாள். கையில் துணியில் கட்டிய ஒரு வட்டப் பாலாடைக்கட்டி.

"நிக்கோதி, யார் யாரு? பேரும் ஊரும் சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஸிதெரிஸ் பெயர் வந்ததும் பாலாடைக்கட்டித் துணியின் முடிச்சை இறுக்கினாள்.

"வேண்டுதலா? எல்லா ஊருக்கும் நடந்து போகப் போறியா?" என்றேன்.

"ஏன் நடக்கணும்? அவங்க என்ன நடந்தா வந்தாங்க? உன் ஓட்ட வண்டியிலதான வந்தாங்க. எடு வண்டிய."

வாரத்துக்கு ஒரு ஊர் என்று போனாள். முதலில் ஹால்கி. எவ்தொக்கியா அவளை ஆலிவ் தோப்புக்குள் இருக்கும் பழைய கோயிலுக்குக் கூட்டிப்போனாளாம். திரும்பும்போது ஸ்தமாத்தா என் பின் இருக்கையில் உட்கார்ந்து, "ஆயிரம் வருஷத்து மரமாம். உள்ள பொந்துல ஆட்டுக்குட்டி தூங்குது. நம்ம ஊர்ல இருந்து முக்கால் மணி நேரம். எனக்குத் தெரியவே தெரியாது, நிக்கோதி" என்றாள். அடுத்து கினிதாரோஸ். மலையையே வெண்ணெய் மாதிரி அறுத்துவைத்திருந்த சலவைக்கல் குவாரியின் நடுவில் நின்று, வெயிலில் கண் கூசி அழுதாள். கண் கூசியதால்தான் அழுதேன் என்று அவளே சொன்னாள், நான் கேட்கவில்லை. கொரோனோஸ் சகோதரர்கள் வீட்டில் திராட்சை இலையில் சோறு சுற்றிப் போட்டார்கள். புருஷன் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்த சுரங்கத்தின் வாயை அன்றுதான் முதலில் எட்டிப் பார்த்தாள். உள்ளிருந்து வந்த குளிர்காற்று முகத்தில் அடித்ததும் பின்வாங்கிவிட்டாளாம். அன்று மாலை அவள் யாக்கோவோஸைத் திட்டவே இல்லை என்று ஊரே பேசிக்கொண்டது.

அப்போலோனாஸுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். அங்கேதான் என் வண்டி மதியம் நிற்கும். மீனவர் மிஹேலிஸ் எங்களை ஊருக்கு மேலே இருக்கும் கல் வெட்டியெடுத்த பழைய பள்ளத்துக்கு அழைத்துப் போனார். முடிக்காமல் விட்ட கல் மனிதன் ஒருவன் அங்கே மல்லாந்து கிடக்கிறான். ஆறு ஆள் நீளம். தாடி தெரியும், பாதம் தெரியும். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாக அப்படியே கிடக்கிறான். நாங்கள் அவன் மேல் உட்கார்ந்து ரொட்டி தின்று வளர்ந்தவர்கள்.

ஸ்தமாத்தா அவன் தோள் பக்கம் போய் கல்லில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

"சூடா இருக்கான்" என்றாள்.

"வெயில் தாயி" என்றார் மிஹேலிஸ்.

"தெரியும். இருந்தாலும் சூடா இருக்கான்." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "நான் அன்னைக்கு எப்படி இருந்தேன்?"

"இவன விட வெளுப்பா இருந்த" என்றார் அவர். "பயந்துட்டேன். கடல்ல நாப்பது வருஷம், அவ்வளவு பயந்ததில்ல."

ஃபிலோட்டியை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஆகஸ்ட் பதினைந்து, மாதாவின் திருநாளுக்கு ஃபிலோட்டி நிறைந்துவிடும். அன்றுதான் இறங்கினாள். இடுப்பில் குழந்தை, பின்னால் யாக்கோவோஸ். அதே மரத்தடி, அதே ஆண்கள். 

ஸிதெரிஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "என்ன, சத்தத்தையே காணோம்? என் ரத்தம் போய் நாக்கக் கட்டிப்போட்டுடுச்சா?"

ஸ்தமாத்தா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கூட்டம் சிரிக்கத் தயாராக இருந்தது. ஸிதெரிஸ் சிரிக்கவில்லை. அவன் எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "வா, ஒண்ணு காட்டறேன்" என்றான்.

ஒன்றரை மணி நேரம் ஏறினோம். யாக்கோவோஸ், நான், ஸிதெரிஸ், அவள். ஜாஸ் மலை உச்சிக்குப் போனதும் காற்று ஆளைத் தள்ளியது. தீவு முழுக்கக் காலடியில் கிடந்தது. நாலு பக்கமும் கடல். அதில் வேறு தீவுகள், மூச்சு விடும் முதுகுகளைப் போல. வெள்ளை வெள்ளையாக ஊர்கள். முப்பத்து நாலு வருஷம் வாழ்ந்த தீவை அவள் முதல்தடவையாக ஒரே பார்வையில் பார்த்தாள்.

கையை நீட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. "அது எவ்தொக்கியா. அந்த வெட்டுப்பட்ட மலை, கன்று வாங்க வந்த பையன். அதோ, அண்ணன் தம்பி. அந்த மலைக்குப் பின்னாடி மிஹேலிஸ்." பிறகு காலுக்குக் கீழே பார்த்தாள். பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள்.

"நீ யோசிச்சு வச்சிருந்ததா நிக்கோதி சொன்னானே, அந்தப் பதில் என்ன?" என்று கேட்டாள்.

ஸிதெரிஸ் தலையைச் சொறிந்தான். "மறந்துபோச்சு."

அவள் அப்படியே பாறையில் உட்கார்ந்து அவன் முரட்டுக் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். யாக்கோவோஸ் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தாள். அவள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதில் அவளுக்குத் தீராத குறை. அதனால் தன் வாயைக் கொடுத்தாள். தீவில் யாருக்கு ரத்தம் தேவைப்பட்டாலும் என் வண்டியில் முன்னால் நின்றுகொண்டு ஊர் ஊராக வருவாள். ஜன்னலைத் திறந்து, எந்த ஊரானால் என்ன, ஆண்களை வாரு வாரென்று வாருவாள்.

"உட்கார்ந்து உட்கார்ந்து ரத்தம் உறைஞ்சு போகப்போகுதுடா! ஏறுங்க!"

திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தபடி ஏறுவார்கள். பல நாள் உட்கார இடமில்லாமல் போயிருக்கிறது.