பின்சீட்டில் படுத்துப் பார்த்தவர்

இஸ்ரவேல் பன்னிரண்டு வருஷம் சொந்தமாக அம்பாசிடர் ஓட்டினார். 1995 வரை ஒரு நாள்கூட அதன் பின்சீட்டில் உட்கார்ந்ததில்லை. டாக்சிக்காரர்கள் யாரும் உட்காருவதில்லை. கல்யாண வீட்டு வாசலில் மூன்று மணி நேரம் காத்திருந்தாலும் முன்சீட்டிலேயே காலை மடக்கித் தூங்குவார்கள். பின்சீட்டு ஏறுகிறவர்களுக்கு உரியது. அது ஒரு மரியாதை. அந்த மரியாதையால் அந்த வருஷம் ஒரு பெண்ணின் உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது.

இஸ்ரவேல் பாளையங்கோட்டைக்காரர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் காவலாளி. இவர் எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு முதலில் ஜீப், பிறகு டவுன் பஸ் என்று ஓட்டி, கடைசியில் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கினார். நெட்டையான ஆள், வெள்ளைச் சட்டை, தோளில் ஈரிழைத் துண்டு. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஹாரன் அடிக்க மாட்டார். வளைவில் பிரேக்கைத் தொடாமல் திரும்புவதில் அவருக்குத் தனிப் பெருமை. எதிரில் வருகிற டிரைவர் பார்த்தானா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்.

நான் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கூடலில் கோமு என்றொரு கணக்கு டீச்சர். நாற்பத்தோரு வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரம் வந்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் போக வேண்டும். கணவர் முத்துசுப்பிரமணியனுக்கு வங்கியில் லீவு கிடைக்கவில்லை. அதனால் கூடப் போக என்னையும், வண்டிக்கு இஸ்ரவேலையும் ஏற்பாடு செய்தார்.

காலையில் முக்கூடலை விட்டுக் கிளம்பும்போது வயலெல்லாம் பனி இறங்கியிருக்கும். ஜன்னலைத் திறந்தால் ஈர வைக்கோல் வாசம் வரும். ரோட்டில் வண்டிகள் அதிகம் கிடையாது. பேட்டையில் ஒரு கடையில் இஸ்ரவேல் டீ குடிப்பார். எனக்கு அந்த ரோடு இன்றைக்கும் பள்ளம் பள்ளமாக ஞாபகம் இருக்கிறது. காரணம், ஒவ்வொரு பள்ளத்துக்கும் கோமு என் கையைப் பிடித்தாள்.

அவளுக்கு எலும்பெல்லாம் வலி. அந்த நோயில் அது சாதாரணம். திரும்பி வரும்போது குமட்டலும் சேர்ந்துகொள்ளும். பின்சீட்டில் படுக்க வைத்து, தலையை என் மடியில் தாங்கிக்கொள்வேன். முப்பத்தெட்டு கிலோதான் இருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, வண்டி ஓட்டுதியளா, நெல்லு குத்துதியளா?" என்று இரண்டாவது வாரமே கேட்டாள்.

இஸ்ரவேலுக்கு முகம் சிவந்துவிட்டது. "கல்யாணத்துக்கு ஒம்பது பேர ஏத்துத வண்டி டீச்சர். கெட்டியாத்தான் இருக்கும்" என்றார்.

அது உண்மை. அம்பாசிடரின் பின்பக்கம் வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். பிளேட்டு என்பார்கள். பாரம் தாங்கட்டும் என்று இவர் கம்பெனி கொடுத்ததற்குமேல் பக்கத்துக்கு இரண்டு பிளேட்டு சேர்த்திருந்தார். ஒன்பது பேர் ஏறினால் அது வளைந்து கொடுக்கும். முப்பத்தெட்டு கிலோவுக்கு அசையாது. பள்ளத்தில் விழுந்த அடி அப்படியே முதுகுக்கு வரும்.

தச்சநல்லூரில் இன்பமணி என்ற மெக்கானிக்கிடம் போனார். நானும் போனேன். நோயாளியைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமே.

"ஏலே, வண்டி மெத்தை மாதிரி இருக்கணும்" என்றார் இஸ்ரவேல்.

"பிளேட்ட உருவிருவோம் அண்ணாச்சி" என்று இன்பமணி பக்கத்துக்கு நான்கைக் கழற்றினான்.

மெத்தை மாதிரிதான் இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளம் எதுவும் தெரியவில்லை. ஆனால் பள்ளம் தாண்டிய பிறகும் வண்டி நாலு தடவை மேலும் கீழும் போய் வந்தது. வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கோமு சீட்டிலிருந்து வழுக்கி என் கால்மேல் விழுந்தாள். சுத்தமல்லி வருவதற்குள் மூன்று முறை வாந்தி. நான் கொண்டுபோன இரண்டு பாத்திரமும் போதவில்லை.

"முன்ன குத்தினிய, இப்பம் தொட்டில்ல போட்டு ஆட்டுதிய" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு.

இஸ்ரவேலுக்கும் வண்டி பிடிக்கவில்லை. வளைவில் பிரேக்கைத் தொட வேண்டியிருந்ததே.

மறுபடி தச்சநல்லூர். கழற்றியதில் பக்கத்துக்கு மூன்றைத் திரும்ப மாட்டினார்கள். யாரோ சொன்னார்கள் என்று மதுரையிலிருந்து காற்று அடைத்த ஷாக் அப்சார்பர் வரவழைத்தார் இஸ்ரவேல். வண்டியின் குதிப்பை அடக்குகிற குழாய் அது. மாட்டியதும் அவரும் இன்பமணியும் முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வந்தார்கள்.

"கோடு போட்ட மாதிரி போகுதுலே" என்றார் இஸ்ரவேல்.

"வளைவுல ஒட்டிக்கிட்டு நிக்கிது அண்ணாச்சி."

அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டி ஆடவில்லை, சாயவில்லை. ஆனால் ரோட்டிலிருந்த ஒவ்வொரு கல்லும் படுத்திருந்தவள் முதுகில் சுருக்கென்று ஏறியது. முன்சீட்டில் இஸ்ரவேல் சந்தோஷமாக இருந்தார். கோமு கேலி எதுவும் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கேலி பேசுகிற நோயாளி நிறுத்தினால் கவனிக்க வேண்டும்.

வீட்டில் இறக்கியதும் என்னிடம் மட்டும் சொன்னாள்: "சிஸ்டர், வெள்ளிக்கிழமை நான் வரல. மெஷினக்கூடத் தாங்கிருவேன். ரோட்டத் தாங்க முடியல."

இரண்டு தடவை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அவளுக்கும் தெரியும். நான் விளக்கம் சொல்லவில்லை. வெளியே வந்து இஸ்ரவேலிடம் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நான் என்ன செய்ய சிஸ்டர்? நல்ல சாமானாத்தான் வாங்கிப் போட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியலியே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க உக்காந்து ஓட்டுதிய. உக்காந்திருந்தா இடுப்பு வாங்கிக்கிடும். அவ படுத்துல்லா வாரா? நாளைக்கு இன்பமணி ஓட்டட்டும். நீங்க பின்னால படுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை, எனிமா கொடுக்க வேண்டும் என்று சொன்னால் பெரிய மனிதர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

புதன்கிழமை காலை படுத்தார். நெட்டை ஆளானதால் காலை மடக்கிக் கதவில் முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். இன்பமணிக்கு ஒரே கொண்டாட்டம். "மொதலாளி, எங்கன போகணும்?" என்று கேட்டு ஒரு ஏச்சு வாங்கிக்கொண்டான். பேட்டை தாண்டும்வரை பின்னாலிருந்து சத்தமே இல்லை. பிறகு, "லே, பைய போலே, பைய" என்று குரல் வந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில், "நிறுத்து."

எழுந்து உட்கார்ந்து முதுகைத் தடவினார். "ரெண்டு மாசமா இப்பிடியா வந்தா அந்தப் பிள்ள?" என்றார்.

அந்தக் காற்றுக் குழாய்களை அன்றைக்கே கழற்றச் சொன்னார். அன்றும் மறுநாளும் நான்கு தடவை வேலை நடந்தது, நான்கு தடவையும் படுத்துப் பார்த்தார். பிளேட்டு கம்பெனி கொடுத்த எண்ணிக்கைக்கே திரும்பியது. ஒவ்வொன்றையும் பிரித்துத் துருவைச் சுரண்டி கிரீஸ் தடவினார்கள். பட்டைகள் மாட்டுகிற இடத்தில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். அம்பாசிடருக்கென்றே வருகிற சாதாரண எண்ணெய் ஷாக் அப்சார்பரைப் புதிதாகப் போட்டார்கள். பின்டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தார்கள். இருந்தும் பின்பக்கம் லேசாகத் துள்ளியது.

எலும்பு முறிவு வார்டில் கால் அசையாமலிருக்க இருபுறமும் மணல் மூட்டை வைப்போம். "டிக்கியில ஆத்து மணல் ரெண்டு மூட்டை போட்டா என்ன?" என்றேன்.

இன்பமணி சிரித்தான். போட்டுப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

"கல்யாணச் சவாரி வந்தா என்ன அண்ணாச்சி செய்விய? ஒம்பது பேரு ஏறினா அடி தட்டுமே" என்று கேட்டான்.

"அஞ்சு பேரு ஏறட்டும். மிச்சம் பேரு பஸ்ஸுல வரட்டும்" என்றார் இஸ்ரவேல்.

வெள்ளிக்கிழமை காலை கோமுவைக் கிளப்ப அரைமணி நேரமானது. "இது ஒரு தடவதான். அதோட சரி" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். போகும்போது என் கையைப் பிடிக்கத் தன் கையைத் தயாராக வைத்திருந்தாள். இரண்டு இடத்தில்தான் பிடித்தாள். பள்ளம் தெரிந்தது, ஆனால் வண்டி ஒரே தடவையில் அமுங்கி நின்றது. வளைவில் அவள் உடம்பு சீட்டை விட்டு நகரவில்லை. இஸ்ரவேல் பிரேக்கைத் தொட்டாரா என்று நான் கவனிக்கவில்லை. அவரும் கண்ணாடியில் எதிர் வண்டிக்காரனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

திரும்பும்போது பேட்டையில் டீக்கு நிறுத்தினார். கோமு தூங்கியிருந்தாள். டீ குடிக்காமலே கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கிளம்பினார். வீட்டு வாசலில் என்ஜினை நிறுத்திய பிறகும் அவள் விழிக்கவில்லை. கொஞ்சம் தூங்கட்டும் என்று அவர் சைகை காட்டினார். மாத்திரை நேரமாகிவிட்டது. நான் எழுப்பினேன்.

எழுந்து தெருவைப் பார்த்தாள். இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"செவ்வாக்கிழமை எத்தன மணிக்கு வாரிய அண்ணாச்சி?"

"ஆறரைக்கு டீச்சர்" என்றார் இஸ்ரவேல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இஸ்ரவேலின் சுகத்துக்காக விசேஷ ஜெபம் நடந்தது. பேட்டையில் அவர் பின்சீட்டில் படுத்துப் போனதைப் பார்த்த யாரோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சாரம்மாள் பயந்துபோய்விட்டாள். செவ்வாய்க்கிழமை அதைக் கேட்டு, "எனக்கு வரவேண்டிய ஜெபத்த நீங்க வாங்கிக்கிட்டியளே" என்றாள் கோமு. கேலி திரும்பிவிட்டது. எனக்கு அது போதும்.

அதன் பிறகு மூன்று வருஷம் போய் வந்தாள். கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்துக்கும் போனாள். 98-ல் மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்தாள். ஒரு செவ்வாயும் வெள்ளியும் அவளாகத் தவறவிட்டதில்லை. கழற்றிய பிளேட்டுகளை மறுபடி மாட்டவா என்று இன்பமணி கேட்டபோது இஸ்ரவேல் வேண்டாம் என்றுவிட்டார். கல்யாணக்காரர்கள் அவரை மறந்தே போனார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் இடுப்பு உடைந்தவர்களும் தேடி வந்தார்கள். வண்டியை விற்கும்வரை டிக்கியில் அந்த இரண்டு மணல் மூட்டையும் கிடந்தன.