சொட்டாத வால்வு

அடுத்தவர் குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறி, வாட்டர் ஹீட்டரின் அடியில் இருக்கும் சின்னக் கைப்பிடி ஒன்றைத் தூக்கிப் பார்ப்பதுதான் எங்கள் தொழிலில் சுலபமான வேலை. வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காத வேலையும் அதுதான்.

தொழில்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஹீட்டருக்குள் பச்சைத்தண்ணீர் போகும் குழாயில் ஒரு பித்தளை வால்வு உண்டு. தண்ணீர் சூடானால் பெருகும். பெருகியது அந்த வால்வு வழியாகச் சொட்டும். என்றைக்காவது தெர்மோஸ்டாட் கெட்டு, கரண்ட் நிற்காமல் தண்ணீர் கொதித்துக்கொண்டே போனால், அதே வால்வுதான் திறந்து அழுத்தத்தை வெளியே விட வேண்டும். விடாவிட்டால் டாங்க் வெடிக்கும். குளிக்கிறவர் தலைக்கு மேலேதான் அது தொங்குகிறது.

வால்வு இறுகிப்போயிருக்கிறதா என்று அறிய, கைப்பிடியைத் தூக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சி வர வேண்டும். விட்டால் நிற்க வேண்டும். வருஷக்கணக்கில் யாரும் தூக்காத வால்வாக இருந்தால், வரும், ஆனால் நிற்காது. உள்ளே படிந்த உப்பும் காவியும் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நடப்பதைத் தொழில்காரர்கள் எல்லாரும் அனுபவித்திருப்பார்கள். நான் திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்து, குழாய் வேலையில் ஒட்டிக்கொண்டு, பழைய ஹீட்டர்களைப் பிரித்துப் பிரித்து இதைப் படித்தவன். என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

தொட்டவன்

சாஸ்தமங்கலம் பக்கத்தில் ஒரு மலையாளி வீடு. ஓய்வுபெற்ற அதிகாரி. தண்ணீர் சூடாகவில்லை என்று கூப்பிட்டிருந்தார். தண்ணீரைச் சூடாக்கும் காயில் போயிருந்தது, மாற்றினேன். அத்தோடு இறங்கியிருக்கலாம். பழக்கதோஷம், கைப்பிடியைத் தூக்கினேன். பழுப்பாகத் தண்ணீர் வந்தது. விட்டேன். அது நிற்கவில்லை. இரண்டு தடவை மறுபடி தூக்கி, அழுக்கு போகட்டும் என்று ஓடவிட்டேன். அப்படியும் ஒரு கோடு போல ஒழுகிக்கொண்டே இருந்தது.

சார் வாசலில் வந்து நின்றார். நான் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் விளக்கினேன்: இந்த வால்வு முன்பே கெட்டதுதான், கெட்டது இப்போதுதான் நமக்குத் தெரிந்தது, இது சாருக்கு நல்லகாலம். அவர் பொறுமையாக முழுவதும் கேட்டார். நடுவில் ஒருமுறை தலையைக்கூட ஆட்டினார். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார்: "இத்ரேம் காலம் ஒரு கேடும் இல்லாயிருந்நு. அண்ணாச்சி தொட்டு, போயி."

எங்களுக்கும் அப்படித்தான்

கழக்கூட்டத்தில் ஒரு வாடகை ஃபிளாட். ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் நாலுபேர் சேர்ந்து இருந்தார்கள். எல்லாரும் தமிழ்நாடு. ஹீட்டர் ஒழுகுகிறது என்று புகார். அடியில் ஒரு வாளி வைத்து, அதில் ஒரு மக்கும் போட்டிருந்தார்கள். ஃபிளாட்டின் சொந்தக்காரர் வளைகுடாவிலிருந்து போனில், "ஒரு பிளக் அடிச்சு அடைக்கச் சொல்லுங்க" என்று யோசனை சொல்லியிருந்தார்.

நான் சுவிட்சை அணைத்துவிட்டுக் கைப்பிடியைத் தூக்கினேன். தண்ணீர் பாய்ந்தது. விட்டதும் நின்றது. நல்ல வால்வு. சூடாகும்போது சொட்டுவது அதன் வேலை, அடைக்கக் கூடாது என்றேன். மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கிறதை எதுக்கண்ணா தூக்கிப் பார்க்கணும்?" என்று கேட்டாள். தூக்கினால்தானே நன்றாக இருக்கிறது என்று தெரியும் என்றேன். சில வீடுகளில் தூக்கினால் ஒழுகும், பழி நம்மேல் வரும் என்பதையும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. பெருமூச்சு விட்டாள். "நானும் டெஸ்டிங்தாண்ணா. எல்லாம் சூப்பரா ஓடுதும்பாங்க. நான் ஒரு தட்டு தட்டுனா உடையும். உடனே மேனேஜர், 'நேத்து வரைக்கும் நல்லாத்தானேம்மா இருந்துச்சு, நீ என்ன பண்ணின?'ம்பாரு."

வலைக்காரர் முடிச்சு

விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். மனைவி பெயர் மேரி. ஸ்டூலில் ஏறிப் பார்த்தால் வால்வின் கைப்பிடியை வலை பின்னும் நைலான் நூலால் கட்டி வைத்திருந்தது. சாதாரணக் கட்டு இல்லை. நகத்தால் நெம்பினேன், ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பினேன், அசையவில்லை. வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். "கடல்லயே அவிழாது, பின்னே இங்கயா?" என்று கத்தியை எடுத்து, மனசில்லாமல் அறுத்தார்.

கட்டிய காரணத்தை மேரி சொன்னார். பிள்ளைகள் இரண்டும் பகலில் ஸ்டூல் போட்டு ஏறி, கைப்பிடியைத் தூக்கி, விழுகிற தண்ணீரில் அருவி விளையாடினார்கள். அடித்தும் கேட்கவில்லை. அதனால் அப்பா கட்டிவிட்டார். நான் தூக்கிப் பார்த்தேன். உப்புக்காற்றில் வெளியே எல்லாம் பச்சை பிடித்திருந்தது. உள்ளே? தண்ணீர் கண்ணாடிபோல் வந்தது, விட்டதும் வெட்டியதுபோல் நின்றது. அந்தக் கடற்கரையில் நான் பார்த்த வால்வுகளில் அத்தனை சுத்தமானது வேறு இல்லை. தினமும் தூக்கினால் உப்பு எங்கே படியும்?

கட்ட வேண்டாம், ஆனால் ஹீட்டர் சூடாக இருக்கும்போது பிள்ளைகளை விடவே கூடாது, சுவிட்சை அணைத்துத் தண்ணீர் ஆறிய பிறகு பெரியவர்கள் யாராவது மாசம் ஒருமுறை தூக்குங்கள் என்றேன். வீட்டுக்காரர் அறுந்த நூலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேரி அவரைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ பிள்ளைங்க செய்ததுதான் சரி, நூல் கெட்டிப் போட்ட ஆளுக்குத்தான் அடி கொடுக்கணும், அல்லே?"

ஒரு வாளி

எங்கள் வீட்டிலும் ஒரு ஹீட்டர் இருந்தது. யாரோ வேண்டாம் என்று தந்ததைச் சரிசெய்து மாட்டியது. அதன் வால்வு கொஞ்சம் அதிகமாகவே சொட்டும். என் மனைவி அதன் கீழே வாளி வைத்து, சேர்கிற தண்ணீரில் துணி அலசுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரோஷம் வந்து புது வால்வு போட்டேன். தூக்கிக் காட்டினேன், நிறுத்திக் காட்டினேன். அவள் இப்போது இல்லை. அன்றைக்கு வாளியை எட்டிப் பார்த்துவிட்டு அவள் சொன்னது மட்டும் இருக்கிறது: "முன்னே ஒரு வாளி கெடச்சிட்டு இருந்துது. இப்பம் ஒரு செம்புக்குக் காணாது. நல்லா ரிப்பேரு பாத்தீங்க, போங்க."

அது என்ன தண்ணியோ

வலியசாலைத் தெருவில் ஒரு வீடு. மாமா, மாமி, பிரசவத்துக்கு வந்திருந்த மகள். அவளுக்கு அப்போது எட்டாம் மாசம். காலையில் மாமி போன் செய்தார். "செல்லையா, ஹீட்டர்ல வெளக்கு அணையவே மாட்டேங்கறது. தண்ணி ஆவியா வரது. சித்தே வந்து பாருங்கோ."

போனபோது குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மகள் குளித்துக்கொண்டிருந்தாள். வெளியே நின்றபோதே எனக்குச் சத்தம் கேட்டது. அடுப்பில் மூடிவைத்த பெரிய கெட்டில் போல உறுமல். சுவிட்ச் வெளிச்சுவரில் இருந்தது. முதலில் அதை அணைத்தேன். "மாமி, வால்வு சொட்டுதா?" என்று கேட்டேன்.

"அதுதான் இப்போ சொட்டறதே இல்லையே" என்றார் மாமி, நல்ல செய்தி சொல்கிறமாதிரி. "மடியா குளிச்சுட்டு நிக்கறேன், தலைல சொட்டறது. அது என்ன தண்ணியோ! மறுபடி குளிக்கணும். மறுபடி குளிச்சா மறுபடி சொட்டறது. சிராத்தத்தன்னிக்கு மூணு தடவை குளிச்சேன், கேட்டேளா? அப்புறம் மாமா ஏதோ பசையைப் பிசைஞ்சு வாயை அடைச்சுட்டார். கல்லு மாதிரி இருக்கு."

சமையல்கட்டுக்குச் சுத்தமாகப் போக வேண்டியவர்கள்தான் இந்தத் தவற்றைச் செய்ய முடியும். தெர்மோஸ்டாட் நிற்கவில்லை, வால்வின் வாய் அடைத்திருக்கிறது, அடியில் எட்டு மாசக் கர்ப்பிணி. "மாமி, அவங்களை உடனே வெளிய வரச் சொல்லுங்க. வெந்நீர்க் குழாயை மட்டும் தொட வேண்டாம், ஆவி பீய்ச்சும்" என்றேன்.

மாமி கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து, "அம்மா, தலைல ஷாம்பூ!" என்று குரல் வந்தது. மாமி என்னைப் பார்த்தார். "நீங்க நிக்கறேளே, எப்படி வருவா?" சரி என்று தெருவுக்கு ஓடினேன். ஓடின வேகத்தில் எதிர்வீட்டுக்காரர், "என்ன செல்லையா, அடி விழுந்துதா?" என்று கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை. வெளியிலிருந்தபடியே, "துண்டைச் சுத்திக்கிட்டு அப்படியே வரச் சொல்லுங்க மாமி, வெடிச்சிரும்!" என்று கத்தினேன். அந்தத் தெருவில் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. உள்ளே தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்கும்வரை நான் படியில் உட்காரவில்லை.

பிறகு யாரையும் அந்தப் பக்கம் விடாமல், டாங்க் ஆறும்வரை காத்திருந்தோம். காப்பி வந்தது. மாமா பூணூலைத் திருகிக்கொண்டு, "ஒரு சின்ன ஓட்டைதானே ஐயா அது" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். உச்சிவேளைக்குமேல் உள்ளே போனேன். பசையை உளியால் தட்டி எடுத்துவிட்டுக் கைப்பிடியைத் தூக்கினேன். அசையவில்லை. அடைத்ததோடு இறுகியும் போயிருந்தது. டாங்கின் அடித்தட்டு லேசாக உப்பியிருந்தது. மாமாவைக் கூப்பிட்டு அந்த இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தடவினார். கையை எடுக்கவில்லை.

மகள் தலையில் துண்டோடு வாசற்படியில் வந்து நின்றாள். ஷாம்பூ அப்படியே காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "அம்மா அடைக்கச் சொன்னா, அப்பா அடைச்சார். கீழே நின்னு குளிச்சது நானும் இதுவும்."

அமாவாசை

அதே வீட்டில் புது ஹீட்டர் மாட்டினேன். இந்தத் தடவை வால்வின் வாயிலிருந்து ஒரு குழாயைச் சுவரோரமாக இறக்கி, குளியலறைச் சாக்கடை வாய்வரை கொண்டுபோய்த் திறந்தபடி விட்டேன். சொட்டினாலும் யார் தலையிலும் விழாது. மாமி குழாய் போகிற வழி முழுவதையும் கண்ணால் நடந்து பார்த்தார். கைப்பிடியைத் தூக்கிக் காட்டினேன். கீழே சாக்கடையில் தண்ணீர் கொட்டியது. விட்டேன்; நின்றது. மாசம் ஒருநாள் இப்படிச் செய்ய வேண்டும் என்றேன். யார் செய்வது என்று வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. மாமா வாயைத் திறப்பதற்குள் மகள், "அப்பா அது கிட்டயே போகப்படாது" என்றாள்.

குழந்தை பிறந்து நாலைந்து மாசம் கழித்து வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனேன். மாமி கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தார். பேரன் பாயில் குப்புற விழுந்து தலையைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவனைக் குளிப்பாட்டுவது அந்த ஹீட்டர் தண்ணீரில்தான். வால்வைத் தூக்குகிறீர்களா மாமி என்று கேட்டேன். ஒரு துடைப்பக்கட்டையை எடுத்துக் காட்டினார். நுனியில் ஒரு ஆணி அடித்துக் கொக்கிபோல் வளைத்திருந்தது. ஸ்டூல் ஏறாமல் தரையில் நின்றே கைப்பிடியைத் தூக்குவதற்கு. "அமாவாசை தவறாம தூக்கறேன், செல்லையா. மாசத்துல ஒருநாள்னா அதுதான் மறக்காது. ஆனா குளிக்கறதுக்கு முன்னாடிதான்; குளிச்சப்புறம் அதைத் தொடுவேனா? எத்தனை குழாய் போட்டா என்ன, அது என்ன தண்ணியோ!"

வால்வு சொட்டினால் ஊரே நம்மைத் தேடி வரும், சொட்டாமல் இருந்தால் நாமாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும், இதற்கு விளம்பரப் பலகை எழுதுவது எப்படி என்றுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.